நாற்பது வளைவுகளுக்கு மேலே

சென்னையில் இருந்தவரை நாங்கள் மருத்துவரைத் தேடியதே இல்லை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்தால் ஏழு மருத்துவர்களின் பெயர்ப்பலகைகள் கண்ணில் படும். பல்லுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், காது மூக்கு தொண்டைக்கு ஒருவர், எலும்புக்கு இருவர். மனித உடம்பை மனைப்பிரிவு போட்டு விற்றுவிட்டார்கள் என்று அப்பா சொல்வார். அவருடைய நரம்பியல் மருத்துவர் மட்டும் இரண்டு நிறுத்தங்களுக்கு அப்பால் இருந்தார். அதுவே எங்களுக்குத் தொலைவாகப் பட்டது.

அப்பா அச்சுக்கோப்பாளர். பதினெட்டு வயதில் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இடவலம் மாறிய வரிகளாக அடுக்குவதே அவருடைய இளமை முழுவதும். கணினி வந்து ஈயம் விடைபெற்ற பின், அதே அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றார். 2016ஆம் ஆண்டில், பால் கணக்கு எழுதும் நோட்டில் அவருடைய கையெழுத்து மாதத்திற்கு மாதம் சிறுத்துக்கொண்டு வருவதைக் கண்டேன். வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக நிற்கும் எழுத்து, முடிவுக்கு வரும்போது எறும்பு வரிசையாகிவிடும். "பன்னிரண்டு பாயிண்டில் தொடங்கி ஆறு பாயிண்டில் முடிக்கிறேன், பார்த்தாயா?" என்று சிரித்தார். நரம்பியல் மருத்துவர் சிரிக்கவில்லை. அந்த நோட்டைப் புரட்டினார். அப்பாவை நடக்கச் சொன்னார். கட்டை விரலையும் சுட்டு விரலையும் தட்டச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டினார். பிறகு, பார்க்கின்சன் நோய் என்றார்.

நடுக்குவாதம் என்று தமிழில் வழங்கும் இந்நோயை, 1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் ஒரு சிறு நூலில் விரிவாக எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் சிறிது சிறிதாக அழிந்துபோவதால் உடம்பின் அசைவுகள் மந்தமாகின்றன, தசைகள் விறைக்கின்றன, பலருக்குக் கை நடுங்குகிறது. அழிந்த செல்களை மீட்க மருந்தில்லை. லெவோடோபா என்னும் மருந்து மூளைக்குள் சென்று டோபமினாக மாறி, அன்றாடக் குறையை அன்றாடம் ஈடுகட்டும். ஆகவே மாத்திரைக்கு மணி தவறக் கூடாது. காலை ஆறு, ஒன்பதரை, பகல் ஒன்று, மாலை நான்கரை, இரவு எட்டு. பருப்பும் முட்டையும் போன்ற புரத உணவு மருந்தின் வழியை மறிக்கும் என்பதால் உணவுக்கு அரைமணி முன்பே விழுங்கிவிட வேண்டும். எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் அந்த ஐந்து வேளைகள் மட்டுமே இருந்தன என்று சொன்னால் மிகையாகாது.

2022 ஜூன் மாதம், பதவி உயர்வோடு எனக்கு இடமாற்ற ஆணை வந்தது. ஊர் வால்பாறை. பதவி உயர்வை மறுத்துவிட்டு மாம்பலத்திலேயே இருந்திருக்கலாம். நான் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆணையை வாங்கிப் படித்த அப்பா, அதில் ஓர் எழுத்துப்பிழை இருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டு, "போவோம். மழை பார்த்து எத்தனை நாளாயிற்று" என்றார்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை சமவெளி. அணையைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடுகிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. வளைவுகளின் இடையே சுவர்மேல் வரையாடுகள் நிற்கும். வண்டிகள் அவற்றுக்காக நிற்கும். ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் ஊர். தேயிலைத் தோட்டங்கள் சீவிவிட்ட தலைபோல் குன்றுகளை மூடிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் மழை மிகுதியாகப் பெய்யும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு அருகில்தான் இருக்கிறது. வீட்டுச் சாமான்கள் லாரியில் வந்தன. அப்பாவின் மருத்துவக் கோப்பை மட்டும் நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆறு ஆண்டுகளின் சீட்டுகள், ஸ்கேன் படங்கள், அளவு மாற்றிய தேதிகள் எல்லாம் அதில் இருந்தன. அது கையில் இருக்கும்வரை எந்த ஊரானால் என்ன என்று ஒரு துணிவு.

அத்துணிவு முதல் வாரத்திலேயே மருந்துக்கடை வாசலில் கரைந்தது. சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கடைக்காரர், "இது இங்க ஓடாத சரக்குங்க. வாங்குறவங்க ஒருத்தரோ ரெண்டு பேரோதான். பொள்ளாச்சியில சொல்லி வரவழைக்கணும்" என்றார். சொன்னபடியே வரவழைத்தும் கொடுத்தார். பேருந்தில் பொட்டலமாக வந்து சேர இரண்டு நாள் ஆகும். மழையில் சாலையில் மண் சரிந்தால் அது நான்கு நாள். அன்று முதல் ஒரு மாதத்திற்கான மாத்திரைகளை எப்போதும் வீட்டில் இருப்பு வைக்கக் கற்றுக்கொண்டோம். அரிசி தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கேட்கலாம். இதைக் கேட்க முடியாதே.

மருந்து ஒருவாறு வழிக்கு வந்தது. மருத்துவர்தான் அகப்படவில்லை. கடைவீதியில் நான் கண்ட ஒரு பெயர்ப்பலகையின் கீழ்க் கதவு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே திறக்கும் என்றார்கள். அந்த ஞாயிறும் மழையில்லாத ஞாயிறாக இருக்க வேண்டும். இன்னொருவர் முதியவர், அன்பானவர். கோப்பை முழுவதும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "இதில் நான் கைவைப்பது சரியாக இருக்காதம்மா" என்று திருப்பித் தந்தார். அந்த நேர்மைக்கு நன்றி சொல்லத் தோன்றியது எனக்குச் சில மாதங்களுக்குப் பிறகுதான். அன்று கோபமே வந்தது. தோட்டங்களில் மருத்துவமனைகள் உண்டு. தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் தோட்ட உரிமையாளர்கள் மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அப்போது சொன்னது. வங்கி ஊழியரின் தந்தைக்கு அங்கே இடமில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர் எங்கள் தெருவுக்கும் வந்தார். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுத்தார். அப்பாவின் மாத்திரைப் பெயரைக் கேட்டதும் தம் நோட்டில் மேலிருந்து கீழாக விரல் வைத்துத் தேடி, தலையசைத்தார்.

வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும். யானைகள் நடமாடும் இடங்களில் உயர்ந்த கம்பங்களில் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். அருகில் யானை இருந்தால் கைப்பேசி வழியாகவே அவற்றை எரியவிடுகிறார்கள். தொலைவிலிருந்தே பார்த்து மக்கள் வழியை மாற்றிக்கொள்வார்கள். ஒருநாள் மாலை அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "டாக்டருக்கும் இப்படி ஒரு விளக்கு வைத்தால் நன்றாயிருக்கும்" என்றார்.

சென்னை மருத்துவர் எங்களைக் கைவிட்டுவிடவில்லை. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேச இசைந்தார். மழை வலுத்த நாள்களில் அலைவரிசை அறுந்துபோகும். அறுந்துபோகாத ஒருநாளில், "அப்பாவை நடக்கச் சொல்லுங்கள்" என்றார். அப்பா நடந்தார், மூன்றாம் அடியில் கைப்பேசியின் சட்டகத்தை விட்டே வெளியேறிவிட்டார். நான் பின்னாலேயே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கடைசியில் மருத்துவர் சொன்னார்: "மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்காமல் அளவை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. கோயம்புத்தூரில் ஒருவரைப் பாருங்கள். இவர் இனி அருகில் இருப்பவரின் நோயாளி."

அருகில் என்பது நூறு கிலோமீட்டருக்கும் மேல். அக்டோபர் மாதத்தில் ஒருநாள் அதிகாலைப் பேருந்தில் புறப்பட்டோம். வளைவுகளில் இறங்கும்போது அப்பாவுக்கு வாந்தி நிற்கவேயில்லை. காலை ஆறு மணி மாத்திரையும் அதோடு போயிற்று. கோவையில் நரம்பியல் மருத்துவரின் அறை முன்னே பதினொரு மணிக்கு உட்கார்ந்து மூன்று மணிக்கு உள்ளே போனோம். நல்ல மருத்துவர், வேளைகளை மட்டும் சற்று நெருக்கிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். வாந்தியைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. பேருந்துப் பயணத்தில் வரும் வாந்தியைப் போய் மூளை மருத்துவரிடம் சொல்வார்களா?

திரும்பும் வழியில், மறுபடியும் அந்த நாற்பது வளைவுகளா என்று அப்பா கலங்கினார். சமவெளியில், வழியில் இருந்த ஓர் ஊரில் இறங்கி, கண்ணில் பட்ட ஒரு தனியார் மருத்துவமனைக்குள் நுழைந்தோம். மாலை நேரம், திண்ணை வரை கூட்டம். எங்கள் முறை வந்ததும், "மலைக்குப் போகிறோம். பஸ்ஸில் வாந்தி வருகிறது" என்றேன்.

"சர்க்கரை, பிரஷர் இருக்கா?"

"இல்லை."

அவர் கேட்டதும் அவ்வளவே. நான் சொன்னதும் அவ்வளவே. சொன்னது முற்றிலும் உண்மை. அப்பாவுக்கு அவ்விரண்டும் இல்லை. நான்கரை மணி மாத்திரை வேலை செய்துகொண்டிருந்த வேளை ஆதலால் கை நடுக்கமும் அடங்கியிருந்தது. ஆறு ஆண்டுகளின் கோப்பு என் தோளில் தொங்கிய பையில் இருந்தது. அதை வெளியில் எடுக்கத் தோன்றவில்லை. ஓர் ஊசி போட்டார். நாளைக்கு மூன்று வேளையாக மூன்று நாளைக்கு மாத்திரையும் எழுதித் தந்தார். நாற்பது வளைவுகளும் ஏறி வீடு சேரும்வரை அப்பா ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டேன் என்று எனக்கே பெருமை.

மறுநாள் அப்பா குறைவாகப் பேசினார். பயணக் களைப்பு என்று எண்ணினேன். இரண்டாம் நாள் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். கண் இமைப்பதுகூடக் குறைந்துவிட்டதுபோல் இருந்தது. மலைக்குளிர் என்று எண்ணினேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆறு மணி மாத்திரையைக் கொடுக்கப் போனபோது அவரால் புரண்டு படுக்க முடியவில்லை. வாயோரத்தில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. மாத்திரையை நாக்கில் வைத்தேன். அது அங்கேயே இருந்தது. கண்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வையில் அச்சம் இல்லை. எனக்குப் பதில் அவர் பொறுமையாக இருக்கிறார் என்பதுபோல் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

108 ஊர்தியை அழைத்தேன். எங்கள் வீட்டுக்கு முப்பத்திரண்டு படிகள். மழையில் பாசி படிந்தவை. ஊர்தியில் வந்த இருவரும், பக்கத்து வீட்டு அக்காவின் மகனும், தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரும் சேர்ந்து அப்பாவைப் போர்வையில் தூக்கி இறக்கினார்கள். அந்த நால்வரில் மூவரின் பெயர் எனக்கு அன்றுவரை தெரியாது.

அரசு மருத்துவமனையில் பணியில் இருந்தவர் இளம்பெண். இருபத்தெட்டு வயதிருக்கலாம். நான் கோப்பை நீட்டினேன். அவர் அதை வாங்கி மேசைமேல் வைத்தாரே ஒழியத் திறக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "கோப்பு அப்புறம். இந்த மூணு நாள்ல புதுசா என்ன சாப்பிட்டாங்க? எது வேணா இருக்கட்டும், சொல்லுங்க."

சொன்னேன். பையிலிருந்த அட்டையை எடுத்துக் காட்டினேன். மெட்டோகுளோபிரமைடு. அதைப் பார்த்ததும் அவர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார்.

பிறகு ஒரு தாளின் பின்புறத்தில் படம் வரைந்து எனக்கு விளக்கினார். வாந்தியை நிறுத்தும் அந்த மருந்து டோபமின் சென்று அமரும் இடங்களை அடைத்துவிடுகிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அதனால் தீங்கில்லை. ஏற்கெனவே டோபமின் குறைந்த ஒருவருக்கோ, இருக்கும் சில நாற்காலிகளிலும் வேறு யாரோ துண்டைப் போட்டு வைத்ததுபோல் ஆகிவிடும். ஐந்து வேளை லெவோடோபா உள்ளே போனாலும் உட்கார இடமின்றி நிற்கும். "மருந்து கெட்ட மருந்து இல்லைங்க. இவருக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். நிறுத்திட்டா சரியாகும். ஆனா அவர் மாத்திரையை ஒரு வேளையும் விடக் கூடாது. திடீர்னு நின்னா அது வேற ஆபத்து." விழுங்க முடியாதவருக்கு மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி, அதன் வழியே மாத்திரைகளைக் கரைத்துக் கொடுத்தார்கள். கோவை மருத்துவரின் எண்ணைக் கோப்பிலிருந்து எடுத்துத் தாமே பேசினார். அன்றிரவு அவர் பணிநேரம் முடிந்த பின்பும் இருமுறை வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் மாலை அப்பா பேசினார். முதற்சொல், "மணி என்ன?"

நான் அந்தச் சமவெளி மருத்துவரைப் பல நாள் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுவது எளிதாகவும் ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் இரவில் தூக்கம் வராதபோது நினைவுக்கு வந்ததெல்லாம் என் 'இல்லை' என்ற சொல்தான். அவர் மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நானும் கேளாமலே சொல்லியிருக்க வேண்டும். சென்னையில் அப்படிச் சொல்லும் பழக்கமே எனக்கு ஏற்படவில்லை. அறைக்குள் நுழையும் முன்பே அப்பாவை அறிந்த ஒருவர் அங்கே இருந்தார். அப்பாவின் உடம்பைப் பற்றிய நினைவை ஆறு ஆண்டுகள் அவரே சுமந்துவந்தார். அதை எங்கள் கையில் அவர் ஒப்படைத்துவிட்டார் என்பது கோப்பை மடியில் வைத்துக்கொண்டு மலையேறிய நாளிலும் எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு எங்களுக்கு ஒரு மருத்துவர் இருந்தார். அவர் நரம்பியல் படித்தவர் அல்லர். அதை முதல் நாளே சொல்லிவிட்டார்: "எனக்குத் தெரியாததை கேட்டுச் சொல்வேன் ஐயா. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்." கோவைப் பயணம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை, இடையில் ஏதேனும் மாற்றம் வேண்டுமானால் இவர் பார்த்து அவரிடம் தொலைபேசியில் சொல்வார், அவர் சொல்வதை இவர் செய்வார். வாந்திக்கும் வழி கண்டார். மூளைக்குள் எளிதில் நுழையாத வேறொரு மாத்திரை இருக்கிறதாம். அதையும் இதயத் துடிப்பின் பதிவை எடுத்துப் பார்த்த பிறகே கொடுத்தார். புறநோயாளிகள் வரிசை நீண்டு கிடக்கும் காலை வேளையில் எங்களுக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அந்த மூன்று நிமிடமும் அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவார், என் முகத்தை அல்ல. வயதானவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்பாவுக்கு நடக்கும்போது வாசற்படியருகே கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே சாயும், கால் வராது. இதைக் கேட்ட மருத்துவர், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரை எங்கள் வீட்டுக்கு வரச் செய்தார். அவர் கூடத்திலிருந்து வாசல்வரை தரையில் ஓரடிக்கு ஒன்றாக மஞ்சள் நாடா ஒட்டினார். கோட்டைத் தாண்டுவதாக எண்ணிக்கொண்டு அடி வைத்தால் ஒட்டிய கால் பெயர்ந்துவிடுகிறது. மூளை தன் பழைய வழி அடைபட்டபோது கண் காட்டும் வேறு வழியில் செல்கிறதாம். அப்பா தாமே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் வரிக்கும் வரிக்கும் நடுவில் ஈயத்தகடு வைப்போம். நீங்கள் அடிக்கும் அடிக்கும் நடுவில் வைத்துவிட்டீர்கள்."

2024இன் இறுதியில் மருத்துவர் விடைபெற்றார். மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. தொலைவான, கடினமான பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்புச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண்கள் உண்டு. அவரை மலைக்கு மேலே கொண்டுவந்ததில் அதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். இப்போது கீழே அழைத்துச் செல்வதும் அதுதான். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் பதவி உயர்வுக்காக இந்த மலைக்கு வந்தவள்தானே. ஆனாலும் செய்தி கேட்ட அன்று வங்கியில் கணக்கை மூன்று முறை கூட்டியும் சரியாக வரவில்லை.

கடைசியாகப் பார்க்கப் போனபோது அவர் ஒரு முழுத்தாள் எழுதி வைத்திருந்தார். மேலே அப்பாவின் பெயர், வயது. அடுத்து நோயின் பெயர். அடுத்து ஐந்து வேளைகளும் அளவுகளும். அதன் கீழே பெரிய எழுத்தில், இவருக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகள். மருத்துவர்கள் படிக்க ஆங்கிலத்திலும், 108 ஊர்தியில் வருபவர்களும் அக்கம்பக்கத்தாரும் படிக்கத் தமிழிலும் எழுதியிருந்தார். "கோப்பை யாரும் படிக்க மாட்டாங்க ஐயா. அவங்க மேல தப்பில்லை, நேரம் இருக்காது. இதைச் சட்டைப் பையிலேயே வச்சிக்கோங்க. யார் என்ன கேட்டாலும், கேக்காட்டியும், முதல்ல இதைக் காட்டுங்க."

அப்பா தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நெடுநேரம் படித்தார். பிறகு என் பேனாவை வாங்கி, தமிழ்ப் பகுதியில் ஓரிடத்தில் விடுபட்ட ஒற்றெழுத்து ஒன்றை, மெய்ப்புத் திருத்துபவர்கள் இடும் குறியோடு ஓரத்தில் சேர்த்தார். எழுத்து ஆறு பாயிண்டுக்கும் சிறியதாக இருந்தது. மருத்துவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். கண்களைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார். திருத்தியபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கடைவீதி ஜெராக்ஸ் கடையில் நான்கு படிகள் எடுத்து நெகிழி உறை போட்டுக்கொண்டேன். ஒன்று அப்பாவின் சட்டைப் பையில். ஒன்று என் கைப்பையில். ஒன்று வாசற்கதவின் பின்புறம். ஒன்று பக்கத்து வீட்டு அக்காவிடம்.

ஒரு மாதத்திற்குப் பிறகு புதிய மருத்துவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அப்பாவை அழைத்துச் சென்றேன். அவரும் இளைஞர், இன்னும் மலைக்குளிர் பழகாதவர்போல் கழுத்துவரை கம்பளிச் சட்டை அணிந்திருந்தார். வெளியே முப்பது பேராவது காத்திருந்தார்கள். "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்றார் என்னைப் பார்த்து.

நான் வாயைத் திறக்கும் முன்னே அப்பா கையை உயர்த்தித் தடுத்தார். ஒன்பதரை மணி மாத்திரை இன்னும் வேலை செய்யத் தொடங்காத வேளை. வலக்கை நடுங்கிக்கொண்டே சட்டைப் பையை அடைந்தது, ஒருமுறை தவறியது, மறுமுறை உறையின் விளிம்பைப் பற்றியது, பாதி வெளியே வந்து சிக்கிக்கொண்டது. எடுத்துக் கொடுக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அதற்குள் அந்த மருத்துவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை அப்பாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மெதுவா எடுங்க ஐயா" என்றார்.